கருப்பு நூல் போட்ட அங்கி

என் கைபேசியில் அவருடைய எண்ணைப் பதினோரு வருஷம் ‘அடைப்பு’ என்றுதான் வைத்திருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் மற்றவர்கள்மேல் கோபப்படுவதைப் பார்த்து, இவள் மட்டும் என்ன யோக்கியமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கைபேசியைத் திறந்தாலும் இதே கதைதான். ஒன்றில் ‘அடைப்பு’, இன்னொன்றில் ‘கக்கூஸ் ஆள்’. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் ‘அடைப்பு சார்’ என்று வைத்திருந்தார். மரியாதை தெரிந்தவர். கழிவறை பொங்கினாலும், தெருச் சாக்கடை வாசல்வரை வழிந்தாலும் அந்த எண்ணை அழுத்துவோம். அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்து நிற்பார். பின்னால் கம்பிச் சுருள், இரண்டு வாளி, ஒரு இரும்புக் கொக்கி. முன்னால் தொங்கும் துணிப்பையில் மாற்றுச் சட்டை, துண்டு, சோப்புப் பெட்டி.

அந்த சோப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்ததும் கொல்லைக் குழாயில் தலையிலிருந்து கால்வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். நகக்கண்ணுக்குத் தனியாக ஒரு பழைய பிரஷ் வைத்திருந்தார். அப்படிக் குளித்து, தலை துவட்டி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டால், பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, “பாட்டிலை நீங்களே வெச்சுக்குங்க” என்பார்கள். ஏதோ பரிசு கொடுப்பதுபோல. வீட்டில் அப்படிச் சேர்ந்த பாட்டில்களை வைக்க இடமில்லை என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதில் இரண்டு பாட்டில் என்னுடையது.

நான் தையல்காரி. எங்கள் கிறிஸ்தவ சபையின் பக்கவாட்டுக் கதவுக்கு எதிரே என் ஒற்றை அறைக் கடை. என் வாசலில்தான் சாக்கடைக் குழியின் மூடி. மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால் அது பொங்கும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர் என் வாசலில் குனிந்திருப்பார். என்னைவிட மூன்று வயது பெரியவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அடைப்பு எடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் அவருக்கு அக்காவும் அண்ணனும்தான். அவரை அப்படி முறை வைத்துக் கூப்பிட்ட வீடு ஒன்றுகூட இல்லை.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். இருவரும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போவார்கள். தம்பி குழிக்குள் இறங்கினால் இவர் மேலே கயிறு பிடிப்பார். இவர் இறங்கினால் தம்பி பிடிப்பான். மேலே வரும்போது கையைப் பிடிக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். சேறு பட்ட உள்ளங்கை வழுக்கும். மணிக்கட்டை மணிக்கட்டு பிடிக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் மற்றவர் பிடி இருக்கும். இதை அவர் எனக்கு என் கையிலேயே பிடித்துக் காட்டியிருக்கிறார்.

ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்னால் ஆழமான குழி. தம்பி இறங்கினான். குழாயின் வாய்க்குள் நுழைய இடைஞ்சலாக இருக்கிறதென்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்திருக்கிறான். உள்ளே விஷவாயு. இவர் இழுத்தபோது கயிறு லேசாக மேலே வந்துவிட்டது. தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு, சுவர்க் கம்பியைப் பிடித்துப் பாதி ஏறியிருந்த தம்பியைத் துழாவினார். விரல் நுனியில் விரல் பட்டது. வழுக்கிப் போய்விட்டது. காவலாளிகள் இரண்டு பேர் இவர் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். இல்லாவிட்டால் இவரும் போயிருப்பார்.

மறுநாள் அந்தக் கட்டடத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். துக்கம் விசாரிக்கத்தான் என்று நினைத்து இவர் எடுத்தார். அந்த ஆள் கேட்டது இது ஒன்றுதான்: “அடைப்பு எடுத்தாச்சா, இல்லையா?” அந்த ஆள் இன்றும் ஏதோ ஒரு மாடியில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு அவர் குடித்தார். சொல்லிக் குடித்தார், சொல்லாமல் குடித்தார். மனைவி ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவர், பொறுமைசாலி. அந்தப் பொறுமையும் ஒரு நாள் தீர்ந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் உன்னைத் தலைமுழுகிவிட்டுப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்த வாரத்தோடு குடிக்கு முழுக்குப் போட்டார் மனிதர். எந்த வைத்தியமும் இல்லை, எந்தப் பிரசங்கமும் இல்லை. இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், பின்னால் எங்கள் சபைச் செயலாளர் ஒரு கூட்டத்தில், “சபைதான் அவரைக் குடியிலிருந்து மீட்டது” என்று பேசினார். சபைக்கு அவர் வந்தது குடியை விட்டு இரண்டு வருஷம் கழித்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

அவர் சபைக்கு வந்ததே அடைப்பு எடுக்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போதே பின்பக்கக் கழிவறை பொங்கிவிட்டது. நான்தான் போன் செய்தேன். வேலையை முடித்து, குளித்து, பின்வாசல் படியில் தலை காய உட்கார்ந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அன்று ஞானஸ்நானம். எங்கள் சபையில் தண்ணீர் தெளிப்பது கிடையாது, முழுக்குதான். மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே ஓடு பதித்த தொட்டி, ஏழு படி. பாஸ்டர் தொட்டிக்குள் நிற்பார். வெள்ளை அங்கி போட்டவர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். பாஸ்டர் முதுகைத் தாங்கிச் சாய்த்து, தலை மறையும்வரை தண்ணீருக்குள் அமிழ்த்தித் தூக்குவார்.

நான் ஈரத் துண்டுகளைப் பிழியப் பின்வாசலுக்கு வந்தபோது அவர் கேட்டார்: “அக்கா, உள்ளே போற எல்லாரையும் தூக்கிடுவாங்களா?”

தூக்காமல் என்ன செய்வார்கள் என்று சொல்லிவிட்டு நான் துண்டைப் பிழிந்தேன். அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு சலவைச் சட்டை போட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சு. யாரும் அந்த பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்த பிறகு அந்த பெஞ்சு அவர்கள் இருவருக்கும் மட்டும் ஆகிவிட்டது.

ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். அதற்கு எட்டு வார வகுப்பு. பாடம் எடுப்பவர் பாஸ்டர், பரீட்சை வைப்பவர் செயலாளர். பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் வேலை இல்லாததால் சபையை அலுவலகமாக்கிக்கொண்டவர். முதல் தடவை, வாசிக்கத் தெரியவில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். மனைவி வாசித்துக் காட்ட, பாடம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்து வந்தார். இரண்டாம் தடவை, இன்னும் பக்குவம் வரட்டும் என்றார். பக்குவத்துக்கு என்ன அடையாளம் என்று அவருக்கும் தெரியாது, பரமனுக்கும் தெரியாது.

மூன்றாம் தடவை கமிட்டி முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். ஞானஸ்நானம் என்றால் என்ன என்பது கேள்வி. நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். பழையது செத்து அடக்கமாகிறது, புதியது எழும்புகிறது என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“ஆனா எனக்குப் புரிஞ்சது வேறங்கய்யா. கீழே போறது பெரிய விஷயமில்லை. நான் தினமும் போறவன். மேலே நிக்கிறவர் கையை விடமாட்டார்னு நம்பிப் போறதுதான் இது.”

பாஸ்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செயலாளர், “பதில் புத்தகத்துல இப்படி இல்லையே” என்றார். பாஸ்டர் அன்றைக்கு மட்டும் தைரியமாக, “இனிமே சேர்த்துக்கலாம்” என்று சொல்லிப் பட்டியலில் பெயரை எழுதச் சொன்னார். பதினோரு பேரில் பதினோராவது.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு வாரம் முன்னால் செயலாளர் என் கடைக்கு வந்தார். கையில் மூன்று மீட்டர் வெள்ளைத் துணி. சபையின் அங்கிகளைத் தைத்ததும் நான்தான், துவைத்து ஒட்டுப்போடுவதும் நான்தான். அப்போது பதினொன்று இருந்தன. தண்ணீரில் அங்கி உப்பி மேலே மிதக்கும் என்பதால் கீழ் மடிப்புக்குள் மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வைத்துத் தைப்பேன். பெண்களின் மானம் அந்தக் குண்டில் இருக்கிறது.

பதினோரு பேர், பதினோரு அங்கி, பிறகு எதற்குப் புதியது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அவருக்குத் தனியா ஒண்ணு இருக்கட்டும்மா. கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் கருப்பு நூல்ல ஒரு தையல் போட்டுடுங்க. துவைக்கும்போது மத்ததோட கலந்துடக் கூடாது பாருங்க.”

எதற்காகக் கலந்துவிடக் கூடாது என்றேன். சுகாதாரம் என்றார். தொற்று என்றார். சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் என்றார். பல பேர் மனசு சங்கடப்படும், தனக்கு ஒன்றுமில்லை என்றார். இந்தப் பல பேர் யார் என்று இன்றுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை. அவர்களுக்காகத்தான் இவரைக் கடைசியில் இறக்குவதென்றும், அவர் ஏறியதும் தண்ணீரை உடனே திறந்துவிடுவதென்றும் முடிவாகியிருக்கிறதாம். செயலாளர் வீட்டுக் கழிவுத்தொட்டியை வருஷத்துக்கு இரண்டு தடவை யார் சுத்தம் செய்கிறார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார்.

அன்று சாயங்காலமே பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற கோளாறு எல்லாம் அவரிடமும் உண்டு. மென்று விழுங்கினார். சபைக்குள் பிளவு வந்துவிடக் கூடாது என்றார். தண்ணீர் ஒன்றுதானே, முதலில் இறங்கினால் என்ன, கடைசியில் இறங்கினால் என்ன என்றார். அப்படியானால் அவரை முதலில் இறக்குங்கள் என்றேன். அவர் மேசைமேல் இருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரமே என் வாசல் குழி பொங்கியது. அவர் வந்தார். அவருக்குத் தெரியக் கூடாதென்று நான் வாயை இறுக்கி வைத்திருந்தேன். வேலை முடிந்து, குளித்து, படியில் உட்கார்ந்து அவரே ஆரம்பித்தார்.

“எனக்குத் தெரியும்கா. தொட்டியைத் திறந்துவிடுற வேலையையும் என்கிட்டதான் சொல்லியிருக்காங்க. முடிஞ்சதும் மேலே ஏறுறதுக்கு முன்னாடி அப்படியே குனிஞ்சு தக்கையைப் பிடுங்கிடுங்க, நீங்கதான் உள்ளே இருப்பீங்களேன்னாங்க.”

ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எடுக்கிற முழுக்கு. அதற்கும் கூலி இல்லாத ஒரு வேலையைச் சேர்த்துக் கட்டி விட்டார்கள். அதுவும் தான் நின்ற தண்ணீரைத் தானே சாக்கடையில் விடுகிற வேலை. நீங்கள் ஏன் சரி என்றீர்கள் என்று அவர்மேலேயே பாய்ந்தேன். அவர் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: கடைசியோ முதலோ, தன்னை ஒருவர் தூக்கிவிடப் போகிறார், அது போதும் என்று. போதாது என்றேன். அன்று நான் அவருக்குத் தண்ணீரை என் சொம்பில் கொடுத்தேன். பதினோரு வருஷம் கழித்து. பெரிய தியாகம்!

அன்று கடையை அடைக்காமல் உட்கார்ந்து புது அங்கியைத் தைத்து முடித்தேன். கழுத்துப் பட்டிக்குள் கருப்பு நூலில் ஒரு தையல் போட்டேன். சொன்ன வேலையைச் செய்தாயிற்று. பிறகு பழைய பதினொன்றையும் அலமாரியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே கருப்பு நூலில் தையல் போட்டேன். புதுத் துணி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் பன்னிரண்டையும் சேர்த்து மூன்று தடவை வெளுத்து, கஞ்சி போட்டு, ஒரே மாதிரி மடித்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. உடை மாற்றும் அறையில் அங்கிகளைக் கொடுப்பது செயலாளரின் மனைவி. ஒரு கழுத்துப் பட்டியைப் புரட்டினார், கருப்பு நூல். தனியாக வைத்தார். அடுத்ததைப் புரட்டினார், கருப்பு நூல். ஆறாவது அங்கியில் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

“எல்லாத்துலயும் இருக்கே?”

“ஆமா. துவைக்கும்போது கலந்துடக் கூடாதுல்ல.”

அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நேரமாகிவிட்டது. வாத்தியம் தொடங்கிவிட்டது. கைக்கு வந்த அங்கியை ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பினார்.

பதினோரு பேரும் மேடையின் பக்கவாட்டில் வரிசையாக நின்றார்கள். முதலில் செயலாளரின் மகள், கடைசியில் இவர். நான் துண்டுகளோடு தொட்டிப் படிக்குப் பக்கத்தில் நின்றேன். அதனால் அதை முதலில் பார்த்தது நான்தான். காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து, ஒன்பதரைக்கு மேலிருந்து இரண்டாவது படி நனையும்வரை நிரப்பியிருந்தார்கள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது தண்ணீர் மூன்றாவது படிக்குக் கீழே போயிருந்தது. கண்ணெதிரே இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

செயலாளரிடம் சைகை காட்டினேன். வந்து பார்த்தார், வெளுத்தார். அடியில் சரியாக உட்காராமல் இருந்த தக்கை, தொட்டி நிரம்பிய பிறகு லேசாகக் கழன்றிருந்தது. குழாயைத் திறந்து பார்த்தார்கள், வருவதைவிடப் போவது வேகமாக இருந்தது. ஒருவர் துடைப்பக் கட்டையால் அழுத்தினார். இன்னொருவர் கட்டையைப் பிடுங்கித் தான் அழுத்தினார். சபைக்கு வழக்கமாக வரும் குழாய்க்காரர் போனை எடுக்கவில்லை. உள்ளே இறங்கி, முங்கி, கையால் தடவிப் பார்க்க வேண்டும். கோட்டுப் போட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். வரிசையின் கடைசிப் பக்கம்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கோவிலில் பேசக்கூடாத வார்த்தை வந்திருக்கும். முதலில் இறங்கக் கூடாது என்று துணி எடுத்துக் கொடுத்தவர், நூல் நிறம் சொன்னவர், சுகாதாரம் பேசியவர், நேராக அவரிடம் போய், “கொஞ்சம் இறங்கிப் பாருங்களேன், உங்களுக்குப் பழக்கம்தானே” என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவர் அங்கியோடு படி இறங்கினார். எனக்குப் பக்கத்தில் வரும்போது, “அடைப்பு எடுக்கிறவனை அடைக்கக் கூப்பிடுறாங்கக்கா” என்றார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று மூச்சை இழுத்தார். முதல் தடவை முங்கி, தக்கை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். இரண்டாவது தடவை முங்கியவர் நெடுநேரம் வரவில்லை. கடைசி பெஞ்சில் அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார். தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் வந்தது, உள்ளே எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகுதான் தலை வந்தது. நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“அக்கா, உங்க சாமான்.”

மூன்று ஈயக்குண்டு. போன தடவை ஒரு அங்கியின் மடிப்பை அவசரத்தில் கையால் ஓட்டுத் தையல் போட்டிருந்தேன். தையல் விட்டு, குண்டுகள் உருண்டு, தக்கை உட்காருகிற விளிம்பில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. துவைக்கும்போது குண்டுகள் குறைவதைப் பார்த்துவிட்டு, போகிறது என்று வேறு போட்டவள் நான். ஊரெல்லாம் அவரை அழுக்கு என்றது. அன்று தொட்டியைக் கெடுத்தது என் ஊசி. வெட்கம் பிடுங்கித் தின்ன, கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை முங்கி, தக்கையை அழுத்தித் திருகி உட்கார வைத்தார். தண்ணீர் நின்றது. இடுப்புக்கு மேல் ஒரு சாண் மிச்சமிருந்தது. பின்னால் யாரோ ஒரு பெரியவர், “மூணு தடவை முங்கிட்டாரே, இன்னும் என்னப்பா வேணும்” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

செயலாளர் சிரிக்கவில்லை. “சரி, சரி, மேலே வாங்க. உங்க முறை வரும்போது கூப்பிடுறோம்” என்றார். அதோடு நிற்கவில்லை. பாஸ்டர் காதருகே குனிந்து, இந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு வேறு நிரப்பினால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். நான் இரண்டு முழ தூரத்தில் நின்றேன். எனக்குக் கேட்டது. நனைந்து நின்ற அவருக்கும் கேட்டிருக்கும். பாஸ்டருக்கும் கேட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காது சிவந்துவிட்டது. படியில் இறங்கி, அவரை மேலே ஏற்றக் கையை நீட்டினார்.

அவர் ஏறவில்லை. நீட்டிய கையைப் பார்த்தார். உள்ளங்கையைத் தொடாமல், மணிக்கட்டைப் பிடித்தார். பாஸ்டரின் விரல்களையும் எடுத்துத் தன் மணிக்கட்டின்மேல் வைத்தார்.

“இப்படிப் பிடிங்க பாஸ்டர், வழுக்காது. தூக்குறதுக்கு முன்னாடி முக்கிடுங்க. நான் தண்ணிக்குள்ளதானே நிக்கிறேன்.”

செயலாளர், “வரிசைன்னு ஒண்ணு இருக்கே” என்றார். பாஸ்டர் திரும்பியே பார்க்கவில்லை. இஸ்திரி போட்ட அங்கியோடு கடைசிப் படிவரை இறங்கினார். எட்டு வாரம் கேட்ட கேள்விகளையே கேட்டார், விசுவாசிக்கிறாயா என்று. ஆமாம் என்றார் அவர். பிறகு பாஸ்டர் அவருடைய பெயரைச் சொன்னார்.

முழுப் பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர். அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது முதல் தடவை காதில் விழுந்தது, எனக்கும்தான். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். கழிவறை பொங்கியபோது கேட்காதவர்கள் இப்போது மட்டும் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் பாஸ்டர் அவரைச் சாய்த்தார். தலை மறைந்தது. ஒரு நொடிதான். தண்ணீருக்குள் அவர் கண் திறந்திருந்தது, நான் பார்த்தேன். மேலே நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பாஸ்டர் இழுத்தார். அவர் வந்தார். வந்தவர் மணிக்கட்டை விடவில்லை. தண்ணீரில் நின்றபடியே, தொட்டி ஓட்டில் நெற்றியை வைத்து, குழிக்குள்ளே யாரையோ கூப்பிடுவதுபோல, “தம்பி” என்றார். ஒரு தடவைதான். அவர் மனைவி கடைசி பெஞ்சிலிருந்து மேடைக்கு ஓடி வந்தார். யாரும் தடுக்கவில்லை.

அதன் பிறகு பாஸ்டர் வரிசையைப் பார்த்து, “அடுத்து யார்?” என்றார். செயலாளரின் மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினாள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவருக்கு மட்டும் திடீரென்று சைனஸ் ஞாபகம் வந்து, அடுத்த தடவை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அங்கியைக் கழற்றிவிட்டார். தண்ணீர் அன்று சாயங்காலம்வரை திறந்துவிடப்படவில்லை. அவர் தக்கையை உட்கார வைத்த இறுக்கத்தில் வேறு யாராலும் பிடுங்க முடியவில்லை. திரும்ப அவருக்குத்தான் போன் போட்டார்கள். அன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

கதை இங்கே முடிந்தால் எனக்கும் மனசு ஆறியிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டைச் செயலாளர் முந்தின நாளே எழுதி வைத்திருந்தார். முதலில் எடுத்தவர் அதில் பதினோராவதாக இருக்கிறார். எடுக்காமல் போன சைனஸ்காரர் நாலாவதாக இருக்கிறார், மேலே ஒரு கோடு மட்டும். திருத்தச் சொன்னேன். எழுதினது எழுதினதுதான் என்றார். முழுக்கு எடுத்தவரிடமே போய்ப் பொருமினேன். தூக்கினாங்களேக்கா, போதும் என்றார். அவர் மன்னித்துவிட்டார், அது அவர் பாடு. நான் மன்னிக்கவில்லை, இது என் பாடு. கைபேசியில் ‘அடைப்பு’ என்றிருந்ததை அவர் பெயராக மாற்றி வைத்தேன். அதற்கு மேல் என் கையில் இருந்தது ஊசி ஒன்றுதான்.

ஆறு மாதம் கழித்து அடுத்த ஞானஸ்நானம் வந்தது. செயலாளரின் அக்கா பையன் எடுக்கிறான். செயலாளர் என் கடைக்கு வந்தார். மடித்து அடுக்கிய பன்னிரண்டு அங்கிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதே தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அன்னிக்கு அவர் போட்டது இதுல எதும்மா?”

எனக்குத் தெரியாது என்றேன். அது பொய் இல்லை. எனக்கே தெரியக் கூடாதென்றுதான் பன்னிரண்டிலும் தைத்தேன்.